பதினேழாம் எண் பூண்டு

மன்னவனூர் சமுதாயக்கூடத்தில், ஆவணி மாதத்து ஒரு மத்தியானம், அறுபது எழுபது பேருக்கு முன்னால் நின்று தேவசேனா மைக்கில் சொன்னாள்:

"இந்த மேல்மலையில இருபத்திரண்டு தோட்டத்துப் பூண்டை எடுத்துப் பார்த்தோம்ங்க. அதுல பதினேழாம் எண் விதைதான் எல்லாத்தையும் விட ஒசத்தி. காரம், மணம், மருந்துச் சத்து எல்லாமே மத்ததப் போல ரெண்டு மடங்கு இருக்கு."

"அது யாரு தோட்டம்ங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

அவள் கையிலிருந்த தாளைப் பார்க்கக்கூட இல்லை. "சோலையம்மாள் அக்கா தோட்டம்" என்றாள்.

கூட்டம் கைதட்டியது. சோலையம்மாள் பக்கத்திலிருந்த பெண்ணின் தோளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். மூன்றாவது வரிசையில் அவளுடைய கொழுந்தன் செல்லப்பாண்டி மட்டும் கைதட்டவில்லை. மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மதினியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பத்து வாரத்துக்குள் அந்த இரண்டு குடும்பத்திலும் ஆளுக்கொருவராக இரண்டு பேருடைய வலதுகை வாழ்நாள் முழுவதற்கும் பாழாகிவிட்டது. அதில் ஒரு கையைப் பாழாக்கியது தேவசேனா.

அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பழனி அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருப்பவரின் ஒரே மகள். மதுரையில் படித்து, கொடைக்கானலில் ஒரு சிறிய மலைப்பயிர் ஆய்வகத்தில் சேர்ந்து நான்கு வருடமாகியிருந்தது. மலைப்பூண்டின் காரத்துக்கும் மணத்துக்கும் என்ன காரணம், எந்தத் தோட்டத்தில் எவ்வளவு என்பதுதான் அவளுடைய வேலை.

வெட்டுப்படாத பூண்டுப் பல்லுக்கு வாசனை கிடையாது. அதற்குள் கந்தகம் சேர்ந்த ஒரு பொருளும் ஒரு நொதியும் தனித்தனியே அடைபட்டுக் கிடக்கின்றன. கத்தியோ பல்லோ பட்டுச் சுவர் கிழிந்தால்தான் இரண்டும் கலந்து காரமும் மணமும் பிறக்கும். சில நொடியில் நடந்து முடிந்துவிடுகிற காரியம் அது. அளக்க வேண்டுமென்றால் பூண்டை அது இருக்கிற இடத்திலேயே உரித்த கையோடு உறைய வைத்தாக வேண்டும். அதற்காக அவள் போகிற இடமெல்லாம் ஒரு அலுமினியக் கேனில் திரவ நைட்ரஜனைக் கொண்டு போவாள். மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வழியும். ஊர்க்காரர்களுக்கு அது புதிதில்லை. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் அதே மாதிரி ஒன்றைத்தான் பைக்கில் கட்டிக்கொண்டு வருவார். "புகைக்கேன்" என்பார்கள். கொதிக்கிற எண்ணெய் எப்படிச் சதையைப் பொசுக்குமோ அப்படியே அந்தக் குளிரும் பொசுக்கும் என்பது அவளுக்கும் ஆய்வக ஜீப் ஓட்டும் பழனிக்குமாருக்கும் மட்டும்தான் தெரியும்.

சோலையம்மாளுக்கும் செல்லப்பாண்டிக்கும் பகை பழையது. ஆறு வருடத்துக்கு முன் அவள் புருஷன் ஜீப் கவிழ்ந்து செத்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே செல்லப்பாண்டி கடப்பாரையோடு போய் எல்லைக்கல்லைப் பிடுங்கினான். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை, நிலம் தனக்குத்தான் என்றான்.  சோலையம்மாள் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் அவன் வாயில் ஓர் அடி அடித்தாள். முன்பல் இரண்டு போயின. அவன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய் வாய்க்காலில் முகத்தை அமுக்கினான். ஊர் கூடி விலக்காவிட்டால் அன்றே ஒரு கொலை விழுந்திருக்கும். அப்புறம் கல் பழைய இடத்துக்கு வந்தது. பேச்சு நின்றது. அவன் வாயில் அந்த ஓட்டை அப்படியே இருந்தது.

தேவசேனாவுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல முடியாது. மாதிரி எடுக்கப் போன முதல் நாளே சோலையம்மாள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். தேவசேனாதான் அதைத் தன் வேலைக்குச் சம்பந்தமில்லாத விஷயமாக எடுத்துக்கொண்டாள்.

கூட்டம் நடந்த அடுத்த வாரமே கீழ்நாட்டிலிருந்து சிவமுருகன் என்ற விதை வியாபாரி காரில் வந்து இறங்கினான். நேரே சோலையம்மாள் வீட்டுக்குத்தான் போனான். அவள் வீட்டுச் சமையல்கட்டில் அடுப்புக்கு மேலே, கூரைக்கம்புகளில், தாளோடு முடிந்த விதைப்பூண்டு கட்டுக்கட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கப் புகை பட்டுப் பட்டு வெளித்தோல் பழுப்பேறியிருந்தது. அத்தனையையும் எடுத்துக்கொள்வதாக அவன் சொன்னான்.

"ஐப்பசியில நடணும். விதைக்கு வச்சத நான் விக்கிறதில்ல" என்றாள் சோலையம்மாள்.

அவன் விடவில்லை. பேசிக்கொண்டே இருந்தான். அவள் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "வெளிய போறீங்களா?" என்று கேட்டாள். அவன் வெளியே போய், வரப்பைத் தாண்டி, செல்லப்பாண்டி வீட்டுக் கதவைத் தட்டினான்.

செல்லப்பாண்டி கேட்ட கேள்வி ஒன்றுதான். "அது எங்கப்பன் கொண்டாந்த விதை. எங்கண்ணன் செத்தா எனக்குத்தான? நான் எடுத்துத் தாரேன், போங்க."

முதலில் ஒரு விடியற்காலை சோலையம்மாளின் தகரவேலி சாய்ந்து கிடந்தது. உள்ளே நாற்பது ஆடு மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டாவது, அவள் வீட்டு நாய். அது குரைக்கும் நாய். அதன் மண்டையைப் பிளந்து, வாசலில் நேராக நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். சோலையம்மாள் அதைக் குழிவெட்டிப் புதைத்தாள். மண்வெட்டியைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு கொழுந்தனுடைய கேரட் தோட்டத்துக்குப் போனாள். அறுவடைக்குப் பத்து நாள் இருந்தது. பாத்தி பாத்தியாக வெட்டிக்கொண்டே போனாள். செல்லப்பாண்டியின் மனைவி ராஜகுமாரி ஓடிவந்து, "அக்கா, வேணாம்க்கா, பிள்ளைகளுக்குச் சோறுக்கா" என்று கையைப் பிடித்தாள். சோலையம்மாள் உதறிய உதறலில் அவள் கல்கட்டுக்குக் கீழே விழுந்து விலா எலும்பில் அடிபட்டது.

காவல் நிலையத்தில் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தார்கள். உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இதையெல்லாம் பழனிக்குமார்தான் தேவசேனாவிடம் சொன்னான். அவனுடைய அக்காளை மன்னவனூரில் கட்டிக்கொடுத்திருந்தது. தேவசேனா அன்றே கிளம்பிப் போனாள். தான் போய் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்று அவள் நம்பினாள். படித்தவள், அரசியல் இல்லாதவள், இரண்டு பக்கமும் மரியாதை வைத்திருக்கிறவள் என்ற நம்பிக்கை.

மதினி வெட்டிப் போட்ட கேரட்டுகளைச் செல்லப்பாண்டி ஆட்டுக்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இந்த விதைய நடவு முடிஞ்சு அடுத்த பருவத்துல எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கலாம்ங்க. நான் அக்காகிட்டப் பேசுறேன்" என்றாள் தேவசேனா.

அவன் நிமிர்ந்தான். அவள் கழுத்தில் ஆய்வக அடையாள அட்டை நாடாவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொத்தாகப் பிடித்து முறுக்கினான். நாடா கழுத்தை இறுக்கியது. அவன் வாயின் ஓட்டை அவள் முகத்துக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது.

"மேடையேறிச் சொன்னது யாரு? நீதான? ஊருக்கு நடுவுல அவ பேரச் சொன்னேல்ல? இருபத்திரண்டு பேரு இருக்கோம், அவ ஒருத்தி பூண்டுதான் பூண்டு, எங்களுதெல்லாம் என்ன, சக்கையா? எங்கப்பன் வெதையத் தூக்கி அவளுக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டு இப்பச் சமாதானம் பேச வாரியா?"

"விடுங்க..."

"இன்னொரு தரம் இந்தப் பக்கம் பார்த்தேன், மேடம்னும் பார்க்க மாட்டேன், பொம்பளன்னும் பார்க்க மாட்டேன்."

விட்டான். நாடா அறுந்து அட்டை சேற்றில் விழுந்தது. பழனிக்குமார் ஜீப்பிலிருந்து இறங்கி ஓடிவருவதற்குள் அவள் அதைக் குனிந்து எடுத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் பூம்பாறை தாண்டும் வரைக்கும் அவளால் எச்சில் விழுங்க முடியவில்லை. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு ஒரு வாரம் இருந்தது. ஆய்வகத்தில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் மன்னவனூர் போக விடமாட்டார்கள். நடவுக்கு முந்தின மாதிரி எடுக்காவிட்டால் ஒரு வருடம் வீணாகிவிடும்.

ஐப்பசி மூன்றாம் நாள், காலை பத்து மணிக்கு அவள் மறுபடி சோலையம்மாள் வீட்டில் இருந்தாள்.

மழை விட்டு மஞ்சள் வெயில் அடித்தது. பழனிக்குமார் ஜீப்பை மேலே ரோட்டில் நிறுத்திவிட்டு அக்காள் வீட்டுக்குப் போயிருந்தான். சமையல்கட்டில் சோலையம்மாள் கட்டுகளை இறக்கி இறக்கிக் கொடுத்தாள். தேவசேனா தடித்த கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு பல்லை உரித்து, எண் எழுதிய சிறு குப்பியில் போட்டுக் கேனுக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். கேன் தரையில் திறந்திருந்தது. வெண்புகை அடுப்புச் சாம்பல் மேல் படர்ந்தது.

"இன்னும் எத்தன தாயி?"

"ஆறுங்கக்கா."

வெளியே ஒரு ஜீப் வந்து நின்றது. கதவுகள் சாத்தும் சத்தம் மூன்று முறை கேட்டது. சோலையம்மாள் ஜன்னல் வழியே பார்த்தாள். செல்லப்பாண்டியும், தேவசேனா முன்பின் பார்த்திராத இரண்டு ஆட்களும் காலிச் சாக்குகளோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள். செல்லப்பாண்டி கையில் கட்டுக்கயிறு அறுக்கிற அரிவாள் இருந்தது.

சோலையம்மாள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். இரண்டாவது உதையில் தாழ் பிய்த்துக்கொண்டு வந்தது.

"மதினி, தள்ளிக்க. எனக்கு உங்கூடச் சண்டை போட நேரமில்ல. வெரசா எடுத்துட்டுப் போயிடுறோம்."

"ஏலே, எம் பொணத்தத் தாண்டி எடு."

அவன் அந்த ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தான். அவர்கள் உள்ளே புகுந்து எட்டின கட்டுகளை இழுத்தார்கள். காய்ந்த பூண்டு தரையில் கொட்டிச் சிதறியது. செருப்புக்கால்களுக்குக் கீழே பல்கள் நசுங்கின. ஒரு நிமிடத்துக்குள் அந்தச் சிறிய அறை முழுக்கப் பூண்டின் காரம் ஏறிக் கண் எரிந்தது. சோலையம்மாள் ஒருவன் முதுகில் ஏறி அவன் காதைக் கடித்தாள். அவன் அலறிக்கொண்டு அவளைச் சுவரில் மோதினான். அவள் விழுந்து எழுந்தாள். எழுந்த கையில் அம்மிக்குழவி இருந்தது. செல்லப்பாண்டியின் தலைக்கு நேராக ஓங்கினாள்.

அவன் அரிவாளை வீசினான்.

குழவி கீழே விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. அதற்கப்புறம்தான் தேவசேனா சோலையம்மாளின் வலது முன்கையைப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேலே குறுக்கே திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பிறகு இரத்தம் வந்து அதை மூடியது. சோலையம்மாள் கத்தவில்லை. தன் விரல்களை மடக்கப் பார்த்தாள். அவை மடங்கவில்லை.

அந்த இரண்டு ஆட்களும் சாக்கைப் போட்டுவிட்டு ஓடினார்கள். செல்லப்பாண்டி ஓடவில்லை. அவன் மறுபடி அரிவாளை உயர்த்தினான்.

அவன் வெட்டியிருப்பானா, மிரட்டத்தான் ஓங்கினானா என்று பின்னால் பலரும் தேவசேனாவிடம் கேட்டார்கள். அவளுக்குத் தெரியாது. அவள் கேனை இரண்டு கையாலும் தூக்கி, அரிவாள் பிடித்த அந்தக் கையின்மேல் கவிழ்த்தாள். ஒரு துளி, இரண்டு துளி தெறித்தால் நைட்ரஜன் தோலின் மேல் உருண்டோடிவிடும், ஒன்றும் செய்யாது. அவளுக்கு அது தெரியும். ஆனால் அவன் கம்பளிச் சட்டை போட்டிருந்தான். விரல் வரைக்கும் கம்பளிக் கையுறை. கம்பளி அதைக் குடித்துக்கொண்டு சதையோடு சதையாகப் பிடித்துக்கொள்ளும். அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அவள் முழங்கையிலிருந்து ஆரம்பித்து விரல் நுனி வரைக்கும், கேன் காலியாகும்வரை ஊற்றினாள்.

அறை முழுக்க வெண்புகை எழுந்தது. அதற்குள்ளிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. அரிவாள் கீழே விழவில்லை. அவன் விரல்கள் பிடியோடு சேர்ந்து விறைத்துப் போயிருந்தன. அவன் கையைச் சுவரில் அடித்தான், கல் மாதிரிச் சத்தம் கேட்டது. மறுபடி அடிக்கப் போனான்.

"அடிக்காதீங்க! அடிச்சா ஒடஞ்சிரும்!" என்று கத்திக்கொண்டு தேவசேனா அவன் தோளைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தாள்.

அப்புறம் அவள் செய்ததெல்லாம் வேலை. தன் சால்வையைச் சுருட்டிச் சோலையம்மாளின் வெட்டில் வைத்து இறுக்கிக் கட்டி, கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். அடுப்பில் சுட வைத்திருந்த தண்ணீரில் குடத்துத் தண்ணீரைக் கலந்து, தன் முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, ஒரு தகரவாளியில் நிரப்பினாள். செல்லப்பாண்டியின் கையை அரிவாளோடு அதில் இறக்கினாள். கம்பளியை உரிக்கவில்லை. உரித்தால் தோலும் வரும். பத்து நிமிடம் போல அவன் அலறினான். அலறலுக்கு நடுவில் அம்மா என்றான், அண்ணே என்றான். விரல்கள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்தபோது அரிவாள் வாளிக்குள் விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த பழனிக்குமார் வாசலில் நின்று வாந்தியெடுத்தான்.

ஆம்புலன்ஸ் கொடைக்கானலிலிருந்து வர வேண்டும். காத்திருந்தால் சோலையம்மாள் இரத்தம் வற்றிச் செத்துப் போவாள். ஆட்கள் வந்த ஜீப்பும் போய்விட்டது. இருந்தது ஆய்வக ஜீப் ஒன்றுதான். பின்னால் எதிரெதிராக இரண்டு பலகை.

ஒரு பலகையில் சோலையம்மாளைப் படுக்க வைத்து அவள் கையைத் தேவசேனா தூக்கிப் பிடித்துக்கொண்டாள். எதிர்ப்பலகையில் செல்லப்பாண்டி, வாளிக்குள் கையோடு. அலறல் கேட்டு ஓடிவந்திருந்த ராஜகுமாரி அவனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வாளித்தண்ணீர் எல்லார் காலிலும் சிந்தியது. ராஜகுமாரி கண்ணெடுக்காமல் தேவசேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்த ஊத்தின?" என்று கேட்டாள்.

"நைட்ரஜன். மாட்டு ஊசிக்குக் கொண்டாருவாங்கல்ல, அது."

"கை தேறுமா?"

"தெரியல."

"பொய் சொல்லாத. நீ படிச்சவ. ஒனக்குத் தெரியும்."

தேவசேனா வாளியைப் பார்த்தாள். பிறகு, "விரல் போயிரும்" என்றாள்.

ராஜகுமாரி குனிந்து, இருந்த இடத்திலிருந்தே, அவள் முகத்தில் காறித் துப்பினாள். தேவசேனாவின் இரண்டு கையும் சோலையம்மாளின் கையைப் பிடித்திருந்தன. அவளால் துடைக்க முடியவில்லை. சோலையம்மாள் கண்ணைத் திறந்து, "ஏட்டி ராசகுமாரி, அவன் என்னைய வெட்டினான்டி" என்றாள், ஏதோ ஊர்ச்செய்தி சொல்வது போல. பிறகு நினைவு தப்பிப் போனாள்.

கொடைக்கானலில் முதல் சிகிச்சை செய்து இரண்டு பேரையும் மதுரைக்கு அனுப்பினார்கள். சோலையம்மாளுக்கு அறுந்த நரம்புகளைச் சேர்த்துத் தைத்தார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால் வலதுகையால் ஒரு தம்ளரைக் கூட அவள் பிடிக்க முடியவில்லை. செல்லப்பாண்டிக்கு மூன்று வாரம் கழித்துச் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் மூன்றையும் எடுத்தார்கள். மற்ற இரண்டும் கறுத்து வளைந்து நின்றன.

காவல்துறையிடம் என்ன சொல்வது என்று ஆய்வகத்துக்காக வந்த வக்கீல் சுசித்ரா சொல்லிக்கொடுத்தாள். "தடுக்கப் போகும்போது கேன் கை தவறிக் கவுந்துருச்சுன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். யாரும் மறுக்க முடியாது."

தேவசேனா வாக்குமூலத்தில், "நான் ஊற்றினேன். கை தவறவில்லை. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆய்வகம் அவளை இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. அவள் பழனிக்குப் போய் அப்பாவின் கடையில் உட்கார்ந்தாள். கற்பூரப் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கும்போது சில நாள் காதுக்குள் அந்தக் கல்லடிச் சத்தம் கேட்கும். ஒரு உயிரைக் காப்பாற்றினேன் என்று ஒரு நாள் நினைப்பாள். ஒரு வினாடி முன்னால் நிறுத்தியிருக்கலாமே, கேன் பாதி இருக்கும்போதே அரிவாள் உயராமல் நின்றுவிட்டதே என்று மறுநாள் நினைப்பாள். இரண்டுமே உண்மையாக இருந்தன.

நடவு நிற்கவில்லை. சோலையம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே பழனிக்குமார் மூலம் ஆளனுப்பிச் சொன்னாள்: தரையில் சிதறிக் கிடந்த பூண்டைக் கூட்டி அள்ளி, நசுங்காததை எல்லாம் தன் நிலத்தில் பாதியிலும், கேட்கிறவர்கள் நிலத்திலும் நட்டுவிடட்டும். மீதிப்பாதியில் சந்தையில் வாங்கின வேறு விதையைப் போடட்டும். தூக்கிக்கொண்டு ஓட ஒன்றுமில்லாமல் போகட்டும் என்பதுதான் அவள் கணக்கு. எட்டுத் தோட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மாசியில் அறுவடையானது. வேலைக்குத் திரும்பியிருந்த தேவசேனா அந்த எட்டுத் தோட்டத்திலும் சோலையம்மாள் நிலத்திலும் மாதிரி எடுத்தாள். இரண்டு வாரம் இயந்திரம் ஓடியது. வரைபடங்களை வரிசையாக மேசையில் வைத்து, தோட்டத்து எண்களை இரண்டு தடவை சரிபார்த்தாள்.

எட்டுத் தோட்டத்திலும் பதினேழாம் எண் விதை சாதாரணமாகத்தான் விளைந்திருந்தது. எந்தப் பூண்டிலும் இருக்கிற அளவுதான். ஆனால் சோலையம்மாள் நிலத்தில், சந்தையில் வாங்கி நட்ட எந்தச் சிறப்பும் இல்லாத விதை, அதே இரண்டு மடங்கைக் காட்டியது.

விதையில் ஒன்றும் இல்லை. எல்லாம் மண்ணில் இருந்தது. சோலையம்மாளின் புருஷன் இருபது வருடம் அந்த ஒரு துண்டு நிலத்தில் இரவில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டு வந்திருக்கிறான். புழுக்கை, மூத்திரம், கத்தரித்துப் போட்ட மயிர் எல்லாம் மக்கி மண்ணில் கந்தகம் ஏறியிருக்கலாம். அதுவும் ஊகம்தான். ஒன்று மட்டும் ஊகமில்லை. ஒரே ஒரு பருவத்தைப் பார்த்துவிட்டு அவள் மேடையில் 'விதை' என்ற சொல்லைச் சொல்லியிருந்தாள். 'இந்தத் தோட்டத்துப் பூண்டு' என்று சொல்லியிருந்தால் சிவமுருகன் மலையேறியிருக்க மாட்டான். மண்ணை யாரும் சாக்கில் கட்டிக்கொண்டு போக முடியாது.

மறுநாள் காலையிலேயே சோலையம்மாளிடம் போய்ச் சொன்னாள். உட்காரவில்லை, நின்றபடியே முழுவதையும் சொன்னாள்.

சோலையம்மாள் கேட்டு முடித்தாள். "அப்ப அன்னைக்கு அவன் தூக்கிட்டுப் போயிருந்தா?"

"ஒண்ணும் கெடச்சிருக்காதுக்கா. சும்மா பூண்டுதான்."

"இந்தா, இந்தக் கை?"

 சோலையம்மாள் இடதுகையால் தேவசேனாவின் கன்னத்தில் அறைந்தாள். பழக்கமில்லாத கை என்றாலும் அடி பலமாக விழுந்தது. மறுபடி அறைந்தாள். மூன்றாவதற்குக் கையை ஓங்கியவள், அப்படியே அவள் தோளில் போட்டுக்கொண்டு, ஆத்திரம் தீராமல், வாய்விட்டு அழுதாள். தேவசேனாவின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்திருந்தது. 

"ஊர்ல சொல்லிட்டியா?" என்று கடைசியில் கேட்டாள் சோலையம்மாள்.

"இன்னும் இல்ல. உங்ககிட்ட மொதல்ல..."

"போய்ச் சொல்லு. எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு. நான் கூட வாரேன்."

அதே சமுதாயக்கூடத்தில் தேவசேனா சொன்னாள். இந்தத் தடவை மைக் இல்லை, இருபது பேர்தான் வந்திருந்தார்கள். விதையில் ஒன்றுமில்லை, கிடை போட்ட மண்தான் காரணமாக இருக்கலாம், தான் சொன்னது தப்பு என்று சொல்லி அவள் முடித்தபோது ஒருவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. தேவசேனா செய்தது உயிரைக் காக்கச் செய்தது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. செல்லப்பாண்டிக்கு மூன்று வருடம் விழுந்தது. கூட வந்த இரண்டு பேருக்கும் ஆறு மாதம். சிவமுருகன் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னான். அவன் பெயர் கடைசி வரைக்கும் குற்றப்பத்திரிகையில் ஏறவில்லை. தீர்ப்பைக் கேட்டதும் செல்லப்பாண்டி கூண்டிலிருந்தபடி தேவசேனாவை ஒரு முறை பார்த்தான்.  இரண்டு விரல் மிஞ்சிய கையை இடுப்புத்துண்டுக்குள் செருகிக்கொண்டு போலீஸோடு நடந்தான்.

தீர்ப்பாகி ஒரு மாதமிருக்கும். ஆய்வக வாசலில் ராஜகுமாரி நின்றாள். மன்னவனூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். தேவசேனா வெளியே வந்து, "உள்ள வாங்க" என்றாள். உள்ளே வந்தாள், ஆனால் காட்டிய நாற்காலியில் உட்காரவில்லை. தோளிலிருந்த பையைக் கழற்றி, கண்ணாடிக் குப்பிகள் அதிர, மேசைமேல் தொம்மென்று வைத்தாள். உள்ளே ஈரமண் இருந்தது.

"எங்க மண்ணு. நாலு மூலையிலயும் எடுத்துருக்கேன். நடுவுலயும் எடுத்துருக்கேன். போன வருஷத்துல இருந்து கிடை போட ஆரம்பிச்சுட்டேன். மூணாவது வருஷத்துக்குள்ள ஏதாச்சும் ஏறுமான்னு பார்த்துச் சொல்லணும்."

"சரிங்க."

"ஒன்னைய மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத."

"நெனைக்கலங்க."

தேவசேனா பையைப் பிரித்து, மண்ணை ஐந்து தட்டுகளில் தனித்தனியாகப் பரப்பினாள். எந்தத் தட்டு எந்த மூலை என்று ராஜகுமாரி கை நீட்டிக் காட்டினாள். ஒவ்வொன்றாகத் தேவசேனா எழுதிக்கொண்டாள்.

"எப்பச் சொல்லுவ?"

"ரெண்டு பருவமாச்சும் பார்க்கணும். அதுக்கு முன்னாடி நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

ராஜகுமாரி காலிப்பையை உதறி மடித்தாள். "பாரு. பன்னெண்டு மணி பஸ்ஸுக்கு நான் போகணும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.